நோபல் பட்டியலில் பெயர் இல்லை... ஆனால் இயற்பியல் ஆய்வகங்களில் கை வைத்தவர்! யார் இந்த ராபர்ட் டிக்கி? லாக்-இன் ஆம்ப்ளிஃபையரின் கதை

செல்போன் சார்ஜர் வழியாக ஓடும் மின்னோட்டம் சுமார் 2 ஆம்பியர். அதை 2 லட்சம் கோடி பங்காகப் பிரித்து, அதில் ஒரே ஒரு பங்கை மட்டும் எடுத்தால் எவ்வளவு இருக்கும்? அதுதான் 1 பிகோ ஆம்பியர். புதிய சோலார் செல், ஒளி உணரும் டயோடு, சோதனை நிலையில் இருக்கும் டிரான்சிஸ்டர் என்று குறைக்கடத்திச் சாதனங்களை ஆராய்பவர்கள் இவ்வளவு சின்ன மின்னோட்டத்தையும் அளந்தாக வேண்டியிருக்கும்.

அளப்பதில் என்ன பிரச்னை? அறையில் எரியும் விளக்கு, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட், சூடாகி மெல்ல மெல்ல நிலை மாறும் கருவி, ஏன், கம்பிக்குள் தானாகவே துள்ளும் எலக்ட்ரான்கள்... எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சல், நாம் தேடும் சிக்னலைவிட ஆயிரம் மடங்கு பெரிசா இருக்கும். சிக்னலைப் பெருக்கிப் பார்க்கலாம்னா, கூடவே இரைச்சலும் பெருகும்!

இந்தச் சிக்கலுக்கு ஆய்வகங்களில் இருக்கும் விடை 'லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்'. அந்தக் கருவியை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்ததில் முக்கியமானவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஹென்றி டிக்கி. அதே யோசனையை வைத்து நிலவின் சூட்டை அளந்தார், ஈர்ப்பு விசையைச் சோதித்தார், பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த வெப்பத்தின் மிச்சத்தைத் தேடினார். கடைசியில் அந்த மிச்சத்தை முதலில் கண்டுபிடித்தது அவர் இல்லை. அதற்கான நோபல் பரிசும் அவருக்கு வரவில்லை. என்ன நடந்தது? பார்க்கலாம் வாங்க.

போர்க்காலம் கொடுத்த பயிற்சி

டிக்கி பிறந்தது 1916 மே 6-ம் தேதி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில். வளர்ந்தது நியூயார்க் மாகாணத்தின் ரோசெஸ்டரில். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1939-ல் இளநிலைப் பட்டம், ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1941-ல் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படிப்பை முடித்த டிக்கி நேராகப் போனது எம்.ஐ.டி.யில் இயங்கிய 'ரேடியேஷன் லேபரட்டரி'க்கு. பெயர்தான் கதிர்வீச்சு ஆய்வகம், உள்ளே நடந்த வேலை ரேடார். எதிரி விமானத்தின் மேல் பட்டுத் திரும்பும் மெல்லிய அலையைப் பிடிப்பது எப்படி என்பதே அங்கிருந்தவர்களின் ஒரே கவலை. அணுக்கரு படித்த இளைஞர், இரைச்சலோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொண்ட இடம் அதுதான்.

அங்கே ஒரு கேள்வி எழுந்தது. அலைநீளத்தைக் குறைத்தால் ரேடார் இன்னும் துல்லியமாகப் பார்க்கும். சுமார் 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடார் செய்தால் என்ன? ஆனால் காற்றில் இருக்கும் நீராவி அந்த அலையை விழுங்கிவிடும் என்ற சந்தேகம் இருந்தது. எவ்வளவு விழுங்கும்? அதை அளந்து பார்க்கணும்.

இதற்கு டிக்கி எடுத்த வழி வித்தியாசமானது. சூடான எந்தப் பொருளும் மெல்லிய மைக்ரோவேவ் அலையை வெளியிடும். ஒரு அலையை விழுங்கும் பொருள், அதே அலையை வெளியிடவும் செய்யும். எனவே வானத்தில் இருந்து வரும் அந்த மெல்லிய வெப்ப அலையை அளந்தால், நீராவி எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் ரிசீவருக்குள்ளே இருக்கும் வால்வுகள் போடும் இரைச்சல், வானத்தில் இருந்து வருவதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இரைச்சலும் ஒரே அளவில் நிற்காது, ஏறும் இறங்கும்.

வினாடிக்கு 30 தடவை... இதுதான் டிக்கியின் ஐடியா!

இங்கேதான் டிக்கியின் மூளை வேலை செய்தது. இரைச்சலைக் குறைக்க அவர் போராடவில்லை. ரிசீவர் வானத்தைப் பார்க்கட்டும், உடனே வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளைப் பார்க்கட்டும், மறுபடி வானம், மறுபடி பொருள். இப்படி மாற்றி மாற்றிக் காட்டினால் போதும் என்று முடிவு செய்தார்.

அலை வரும் குழாயில் ஒரு பிளவு. அதற்குள் வினாடிக்கு 30 தடவை போய்வரும்படி சுழலும் ஒரு தட்டு. தட்டு உள்ளே வந்தால் ரிசீவர் பார்ப்பது தட்டை, வெளியே போனால் பார்ப்பது வானத்தை. வானத்துக்கும் தட்டுக்கும் வெப்பநிலை வேறு என்றால், ரிசீவரில் இருந்து வரும் சிக்னல் அதே 30 தாளத்தில் ஏறி இறங்கும். ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கு அந்தத் தாளம் தெரியாது. அது இஷ்டத்துக்குத்தான் ஆடும். அந்தத் தாளத்தில் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டால்? சிக்னல் தனியாக வந்துவிடும்.

இந்தக் கருவிக்கு இன்று 'டிக்கி ரேடியோமீட்டர்' என்றே பெயர். 1946-ல் இதைப் பற்றிய கட்டுரை வெளியானது. புளோரிடாவில் நீராவி அளவீடு நடந்தது. நீராவி அந்த அலையை நன்றாகவே விழுங்குகிறது என்பதும் தெளிவானது. அதே காலகட்டத்தில் சூரியனில் இருந்தும் நிலவில் இருந்தும் வரும் மைக்ரோவேவையும் டிக்கியும் சக ஆய்வாளர் பெரிங்கரும் அளந்தார்கள்.

அந்த அளவீடுகளில் போகிற போக்கில் இன்னொரு முடிவும் கிடைத்தது. வானத்தின் எல்லாத் திசையில் இருந்தும் சீராக வரும் பின்னணி அலை என்று ஒன்று இருந்தால், அதன் வெப்பநிலை 20 கெல்வினுக்கு மேல் இருக்க முடியாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் எப்படி வேலை செய்யுது?

டிக்கியின் ரேடியோமீட்டரில் இருக்கும் அதே தத்துவம்தான் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரிலும். வானத்துக்குப் பதில் ஒரு சோலார் செல்லை வைத்துப் பார்ப்போம்.

செல்லின் மேல் மெல்லிய ஒளி விழுகிறது. அதனால் வரும் மின்னோட்டம் 1 என்று வைத்துக்கொள்வோம். அறை வெளிச்சம், கருவியின் கசிவு எல்லாம் சேர்ந்து தரும் வேண்டாத அளவு 1000. மீட்டரில் 1001 என்று காட்டும். ஆனால் அந்த 1000 நிலையாக இல்லை, ஒரு நேரம் 1007, ஒரு நேரம் 996. இதில் நம் 1 எங்கே என்று எப்படித் தெரியும்?

முதல் வேலை, ஒளிக்கு ஒரு தாளம் கொடுப்பது. ஒளிக்கும் செல்லுக்கும் நடுவில் ஓட்டைகள் உள்ள ஒரு சக்கரத்தைச் சுழல விடுவார்கள். இதற்கு 'சாப்பர்' என்று பெயர். ஒளி ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று விழும். நாம் தேடும் மின்னோட்டமும் அதே தாளத்தில் வந்து போகும்.

இரண்டாவது, சாப்பர் தன் தாளத்தை ஒரு தனி வயர் வழியாக லாக-இன்னுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒளி ஆனில் இருக்கும்போது வரும் அளவைக் கருவி கூட்டும். ஆஃபில் இருக்கும்போது வரும் அளவைக் கழிக்கும். வேண்டாத 1000 இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகும். ஆனில் மட்டும் இருக்கும் 1 ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும்.

மூன்றாவது, பொறுமை. ஏற்ற இறக்கம் ஒரே சுற்றில் ஒழியாது. ஆயிரக்கணக்கான சுற்றுகளின் சராசரியை எடுத்தால், கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று சமன் செய்யும். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 100 மடங்கு நேரம் காத்திருந்தால் 10 மடங்கு தெளிவு கிடைக்கும். அவசரப்பட்டால் எதுவும் தெரியாது.

தாளத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். மெதுவான தாளம் என்றால், கருவி சூடாவது போன்ற மெதுவான மாற்றங்கள் உள்ளே நுழையும். 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்றால் வீட்டு கரண்டின் தாளம் கலந்துவிடும். அதனால் இவற்றில் இருந்து தள்ளி ஒரு எண்ணைப் பிடிப்பார்கள். சிக்னல் கொஞ்சம் தாமதமாக வந்தால் அந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுத்துக் கருவியைத் திருப்ப முடியும். வெளியே இருந்து வரும் தாளத்தோடு தன்னைப் பூட்டிக்கொள்வதால்தான் இதற்கு 'லாக்-இன்' என்று பெயர்.

குறைக்கடத்தி ஆய்வில் இதன் பயன் ஏராளம். எந்த நிற ஒளியை ஒரு சோலார் செல் எவ்வளவு மின்சாரமாக மாற்றுகிறது என்று நிறம் நிறமாக அளக்கும்போது, ஒவ்வொரு நிறத்திலும் கிடைக்கும் ஒளி ரொம்பக் குறைவு, மின்னோட்டமும் ரொம்பக் குறைவு. அங்கே சாப்பரும் லாக்-இன்னும் கைகொடுக்கும். ஒளியே இல்லாத சோதனைகளில் சாதனத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜையே லேசாக ஆட்டிவிட்டு, மின்னோட்டம் அதே தாளத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். மின்னோட்டம் மிகச் சிறியது என்றால், அதை முதலில் வோல்டேஜாக மாற்றித் தரும் ஒரு முன்-ஆம்ப்ளிஃபையரை இடையில் வைப்பார்கள்.

கண்டுபிடித்தது டிக்கிதானா?

பல இடங்களில் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரைக் கண்டுபிடித்தவர் டிக்கி என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் இதை மறுத்தவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? டிக்கியேதான்!

பிற்காலத்தில் ஒரு பேட்டியில், அந்தப் பெருமை தனக்கு உரியதல்ல என்றும், பிரின் மார் கல்லூரியின் வால்டர் மிச்செல்ஸ் எழுதியதைப் படித்துத்தான் அதைத் தெரிந்துகொண்டதாக நினைப்பதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். மிச்செல்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1941-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்ற பெயர் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1934-லேயே இங்கிலாந்தின் கோசன்ஸ் இதே வகையான ஒரு சர்க்யூட்டை விவரித்திருந்தார்.

அப்படியென்றால் டிக்கியின் பங்கு என்ன? போருக்குப் பிறகு 1946-ல் பிரின்ஸ்டனுக்குத் திரும்பிய அவர், இந்த வழியைத் தன் சோதனைகளில் எல்லாம் பயன்படுத்தினார். 1960-களின் தொடக்கத்தில் சில சகாக்களோடு சேர்ந்து 'பிரின்ஸ்டன் அப்ளைடு ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முக்கியத் தயாரிப்பு லாக்-இன் ஆம்ப்ளிஃபையர். அதுவரை தேவைப்பட்டவர்கள் தாங்களே சாலிடர் வைத்துச் செய்துகொண்டிருந்த ஒரு சர்க்யூட், பெட்டியாகக் கடையில் வாங்கும் பொருளானது. சர்க்யூட் கட்டும் வேலை மிச்சமானதால் ஆராய்ச்சியாளர்கள் நேரடியாக அளவீட்டில் இறங்க முடிந்தது.

பூமியையே சாப்பராக்கிய சோதனை!

1954-55-ல் ஹார்வர்டில் ஒரு வருடம் தங்கியிருந்தபோது டிக்கியின் கவனம் ஈர்ப்பு விசை பக்கம் திரும்பியது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைப் பலரும் மெச்சினார்கள், ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. இது டிக்கிக்குப் பொறுக்கவில்லை. பிரின்ஸ்டனில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்களையும் சகாக்களையும் கூட்டி, எதை எப்படி அளக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்.

அதில் பிறந்த ஒன்றுதான் தங்கம்-அலுமினியச் சோதனை. எல்லாப் பொருளும் ஈர்ப்பு விசையில் ஒரே மாதிரி விழுமா என்பது கேள்வி. டிக்கி பயன்படுத்தியது சூரியனின் ஈர்ப்பை. தங்கமும் அலுமினியமும் வைத்த ஒரு சட்டத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டார்கள். சூரியன் தங்கத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால், இழை லேசாக முறுக்கிக்கொள்ளும். பூமி சுற்றுவதால் அந்த முறுக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறணும்.

கவனிச்சீங்களா? இதுவும் அதே லாக்-இன் தத்துவம்தான். இங்கே சாப்பர் சக்கரம், சுழலும் பூமி! 24 மணி நேரத் தாளத்தில் வராத எதையும் ஒதுக்கிவிடலாம். இழையின் அசைவைக் கண்டறிந்த மின்சுற்றிலும் லாக்-இன் இருந்தது. ரோல், குரோட்கோவ், டிக்கி மூவரும் 1964-ல் வெளியிட்ட முடிவு இது. சுமார் 10,000 கோடியில் ஒரு பங்கு துல்லியம் வரை, தங்கத்துக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசமே இல்லை.

சார்பியலுக்குப் போட்டியாகத் தன் மாணவர் கார்ல் பிரான்ஸோடு சேர்ந்து 1961-ல் ஒரு கோட்பாட்டையும் டிக்கி முன்வைத்தார். பின்னால் வந்த அளவீடுகள் ஐன்ஸ்டைன் பக்கமே சாய்ந்தன. ஆனால் போட்டிக்கு ஒரு கோட்பாடு நின்றதால்தான் பலரும் சோதனையில் இறங்கினார்கள். 1969-ல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்த லேசர் பிரதிபலிப்பான் திட்டத்திலும் டிக்கி குழுவின் பங்கு உண்டு.

ஒரு போன் கால்... கைநழுவிய கண்டுபிடிப்பு

இப்போ 1964-க்கு வருவோம். பிரபஞ்சம் ஒரு காலத்தில் கொதிக்கும் நெருப்பாக இருந்தது உண்மையென்றால், அந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் மெல்லிய மைக்ரோவேவ் அலையாக எல்லாத் திசையில் இருந்தும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று டிக்கி யோசித்தார். கோட்பாட்டுக் கணக்கை ஜிம் பீபிள்ஸிடம் கொடுத்தார். பீட்டர் ரோல், டேவிட் வில்கின்சன் இருவரையும் கருவி கட்டச் சொன்னார். என்ன கருவி? டிக்கி ரேடியோமீட்டர்தான். பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் வேலை தொடங்கியது.

இதே மாதிரி மிச்சம் இருக்கணும் என்று 1948-லேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் சுமார் 5 கெல்வின் என்று எழுதியிருந்தார்கள். பிரின்ஸ்டன் குழுவுக்கு அது தெரியவில்லை. இன்னும் ஆச்சரியம், 1946-ல் தானே போட்ட அந்த 20 கெல்வின் வரம்பையே டிக்கி மறந்துபோயிருந்தார்!

அதே நியூஜெர்சி மாகாணத்தில், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஹோம்டெல்லில் பெல் நிறுவனத்தின் ஆய்வகம். அங்கே ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவோடு போராடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சுமார் 3.5 கெல்வின் அளவுக்கு ஒரு இரைச்சல் மிஞ்சியது. ஆன்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவியும் பார்த்தார்கள். போகவில்லை.

அது கருவியின் கோளாறு இல்லை என்று அவர்கள் எப்படி உறுதியாக இருந்தார்கள்? திரவ ஹீலியத்தில் குளிர்வித்த, வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளோடு ஆன்டெனாவை மாற்றி மாற்றி ஒப்பிட்டதால். அதாவது, ரேடியோமீட்டரில் டிக்கி காட்டிக்கொடுத்த அதே வழி.

பீபிள்ஸின் கணக்கு பற்றி ஒரு நண்பர் மூலம் கேள்விப்பட்ட பென்சியாஸ், டிக்கிக்கு போன் போட்டார். டிக்கி அப்போது அறையில் தன் குழுவோடு பேசிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் திரவ ஹீலியம், கொம்பு ஆன்டெனா என்று அவர் திருப்பிச் சொன்ன வார்த்தைகள்தான். போனை வைத்துவிட்டு, நம்மை முந்திவிட்டார்கள் என்று குழுவிடம் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்தது கவனிக்க வேண்டியது. சண்டை இல்லை. குழுவோடு ஹோம்டெல்லுக்குப் போய்க் கருவியைப் பார்த்தார். 1965-ல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. பென்சியாஸும் வில்சனும் அளவீட்டை மட்டும் எழுதினார்கள். அது என்னவாக இருக்கலாம் என்பதை டிக்கி, பீபிள்ஸ், ரோல், வில்கின்சன் எழுதினார்கள். பிறகு ரோலும் வில்கின்சனும் தங்கள் மாடிக் கருவியை முடித்து, வேறொரு அலைநீளத்தில் சுமார் 3 கெல்வின் என்று அளந்தார்கள். இரண்டு அலைநீளத்திலும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. பெருவெடிப்பின் மிச்சம்தான் அது என்ற வாதம் அதனால் வலுத்தது.

நோபல் ஏன் வரவில்லை?

1978-ல் பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. இன்னொரு பாதி வேறு துறைக்காக சோவியத் விஞ்ஞானி கபிட்சாவுக்கு. ஒரு வருடத்தில் மூன்று பேருக்கு மேல் நோபல் கொடுக்க விதி இல்லை. டிக்கிக்கு இடம் இல்லை.

இது அநியாயம் என்று நினைத்த இயற்பியலாளர்கள் பலர். முதலில் அளந்தவர்களுக்குப் பரிசு என்பதும் நியாயம்தானே என்பவர்களும் உண்டு. அளந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, என்னவென்று தெரிந்தவர்கள் இன்னும் அளக்கவில்லை. அளந்த வழியோ டிக்கியுடையது. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது சுலபம் இல்லை.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 1970-க்கு டிக்கிக்குக் கிடைத்தது. சுமார் 50 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. 1997 மார்ச் 4-ம் தேதி, 80 வயதில் பிரின்ஸ்டனில் காலமானார்.

அவர் போட்ட விதை அதோடு நிற்கவில்லை. 1989-ல் நாசா அனுப்பிய கோபி செயற்கைக்கோளில் இருந்த மைக்ரோவேவ் கருவி, வானத்தின் இரண்டு திசைகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டது. பிரபஞ்ச வெப்பத்தில் இருக்கும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைக் கண்டது அதுதான். 2001-ல் போன அடுத்த செயற்கைக்கோளுக்கு, மாடியில் கருவி கட்டிய வில்கின்சனின் பெயரே வைக்கப்பட்டது. மாணவராக டிக்கியிடம் வந்து சேர்ந்த பீபிள்ஸ், 2019-ல் நோபல் வாங்கினார்.

இன்று கிடைக்கும் லாக்-இன்களில் பெரும்பாலானவை டிஜிட்டல். கூட்டல் கழித்தலை உள்ளே இருக்கும் சிப்பே செய்துவிடுகிறது. ஆனால் வேலை மாறவில்லை. தேடுவதற்கு ஒரு தாளம் கொடு, தெரிந்த ஒன்றோடு மாற்றி மாற்றி ஒப்பிடு, பொறுமையாகக் காத்திரு. ஒரு குறைக்கடத்திச் சில்லில் ஓடும் பிகோ ஆம்பியரை அளக்கும் ஆராய்ச்சி மாணவர் செய்வதும் இதைத்தான், 1,380 கோடி வருடப் பழைய வெப்பத்தைத் தேடிய டிக்கி செய்ததும் இதைத்தான்.